திசுவின் திணை

ஒரு சொல்லுக்குப் பொருள் காண்பதற்கு முன் அது எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது தமிழ் வகுப்பின் முதற்பாடங்களுள் ஒன்று. யாருடைய கூற்று, எந்த நிலம், எந்தப் பொழுது என்பன தெரியாமல் ஓர் அகப்பாடலுக்குள் நுழைய இயலாது. ஆண்டுதோறும் மாணவர்களுக்குச் சொல்லிவரும் இந்தப் பழக்கம் இலக்கியத்துக்கு வெளியே எங்கேனும் பயன்படும் என்று நாங்கள் நினைத்ததில்லை. புற்றுநோய்க் கட்டி ஒன்றின் ஆய்வறிக்கையைப் படிக்க நேர்ந்தபோது அது பயன்பட்டது. கட்டியின் திசுவில் எந்தப் புரதம் எங்கே எவ்வளவு இருக்கிறது என்று வரைபடம் தீட்டி, அதிலிருந்து நோயின் குறிகளைத் தேடும் துறையைப் பற்றிய கட்டுரை இது.

‘நாங்கள்’ என்ற பன்மைக்கு விளக்கம் வேண்டும். எங்கள் வீட்டில் ஒருவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர். மற்றவர் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. இக்கட்டுரையில் வருவனவற்றை இருவருமாகவே தேடிப் படித்தோம். தமிழ் படித்தவர் எழுத, விலங்கியல் படித்தவர் பக்கத்தில் அமர்ந்து திருத்துகிறார்.

2019ஆம் ஆண்டு எங்கள் அக்காவுக்கு இடது மார்பில் கட்டி என்று கண்டறிந்தார்கள். வீட்டின் ஒரு தரப்புக்கு அக்கா. மறு தரப்புக்கு மதினி. பயாப்சி எடுத்த சில நாட்களில் ஒரு பக்க அறிக்கை வந்தது. அதன் அடிப்பகுதியில் நான்கு வரிகள். ஈ.ஆர். இல்லை, பி.ஆர். இல்லை, கி-67 முப்பது விழுக்காடு, ஹெர்2, இரண்டு பிளஸ். அக்கா அந்தக் காலத்து பி.யூ.சி. படித்தவர். எதையும் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்ற பிடிவாதம் உள்ளவர். “ரெண்டு பிளஸ்னா நல்லதா கெட்டதா தம்பி?” என்று கேட்டார். மருத்துவரைக் கேட்டபோது, “இரண்டையும் சொல்ல முடியாது, இன்னொரு சோதனை செய்ய வேண்டும், பிளாக்கை வாங்கி அனுப்புங்கள்” என்றார். அந்தச் சோதனையின் பெயர் ஃபிஷ். முடிவு வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். அந்த இரண்டு வாரங்களில்தான் எங்கள் படிப்பு தொடங்கியது.

*

முதலில் எங்களுக்குத் தேவைப்பட்டது, மரபணு பற்றி இவ்வளவு பேசப்பட்ட பிறகும் ஏன் புரதத்தைத் தேடுகிறார்கள் என்ற கேள்விக்கு விடை. மனித உடலின் புரதங்களுக்கான மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. ஈரல் உயிரணுவிலும் மூளை உயிரணுவிலும் இருப்பது அதே மூலம்தான். ஆயினும் ஈரல் ஈரலாகவும் மூளை மூளையாகவும் இருப்பதற்குக் காரணம், அந்த மூலத்திலிருந்து எந்தெந்தப் பகுதிகள் புரதங்களாக ஆக்கப்படுகின்றன என்பது. வேலை செய்வது புரதம். மருந்துகளில் பெரும்பாலானவை சென்று பற்றுவதும் புரதத்தையே.

மரபணுவுக்கும் புரதத்துக்கும் இடையில் ஆர்.என்.ஏ. என்ற படி ஒன்று உண்டு. படி எடுத்தவற்றை எண்ணினால் புரதத்தின் அளவு தெரிந்துவிடும் என்று கருத இடமுண்டு, ஆர்.என்.ஏ.வை எண்ணுவது எளிதும்கூட. ஆனால் 2014ஆம் ஆண்டு அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் திட்டமொன்றில், வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தினர் 95 பெருங்குடல், மலக்குடல் கட்டிகளில் இரண்டையும் அளந்து நேச்சர் இதழில் எழுதினர். ஆர்.என்.ஏ.வின் அளவைக் கொண்டு புரதத்தின் அளவை நம்பகமாக ஊகிக்க முடியவில்லை என்பது அதன் முக்கிய முடிவுகளுள் ஒன்று. எத்தனை படிகள் எடுக்கப்பட்டன என்பதைக் கொண்டு ஒரு நூல் எவ்வளவு ஓதப்பட்டது என்று சொல்ல முடியாதல்லவா, அதைப் போல.

ஆகவே புரதத்தையே நேரில் பார்க்க வேண்டியிருக்கிறது. இதற்கு இரண்டு வழிகள். ஒன்று, திசுவை அரைத்துக் கரைத்து, அதிலுள்ள புரதங்களைத் துண்டாக்கி, நிறைமாலைமானி என்ற கருவியில் ஒவ்வொன்றின் எடையையும் கண்டு இனம்பிரிப்பது. ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான புரதங்களை அறியலாம். ஆனால் அரைத்துவிட்டதால் இடம் தொலைந்துபோகிறது. கட்டியின் உயிரணுவும், அதைச் சூழ்ந்த நார்த்திசுவும், இரத்தக்குழாயும், காக்க வந்த வெள்ளையணுவும் ஒரே கலவையாகிவிடுகின்றன. மற்றொரு வழி, திசுவை மெல்லிய சீவலாக்கி, இருந்தது இருந்த இடத்திலேயே இருக்க, ஒரு புரதத்துக்கு மட்டும் நிறமேற்றிப் பார்ப்பது. இடம் தெரியும், ஆனால் ஒரு சீவலில் ஒன்றோ சிலவோதான் தெரியும். இவ்விரண்டையும் சேர்க்கும் முயற்சிதான் இத்துறையின் அண்மைக்கால வரலாறு எனலாம். 1997இல் ரிச்சர்ட் கேப்ரியோலியும் அவரது குழுவினரும் ஒரு வழியைக் காட்டினார்கள். திசுச் சீவலின்மேல் ஒரு வேதிப்பொருளைப் பூசி, லேசர் ஒளியைப் புள்ளி புள்ளியாகப் பாய்ச்சி, ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் எழும் மூலக்கூறுகளை எடையிட்டுப் படமாக்கினார்கள். கோலம் போடுபவர் முதலில் புள்ளிகளை வைப்பதைப் போன்ற வேலை. பெரிய மூலக்கூறுகளைச் சிதைக்காமல் லேசரால் எழுப்ப முடியும் என்று காட்டியவர்களுள் ஒருவரான ஜப்பானியப் பொறியாளர் கோய்ச்சி தனாகாவுக்கு 2002இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

*

மருத்துவமனையில் எங்கள் கையில் கொடுத்த ‘பிளாக்’ தீப்பெட்டியைவிடச் சிறியது. ஒரு பிளாஸ்டிக் சட்டத்தின்மேல் வெள்ளை மெழுகு. மெழுகுக்குள் மங்கலாக ஒரு துணுக்கு. பாரஃபின் மெழுகில் புதைத்த அக்காவின் திசு அது. ஒரு காகித உறையில் போட்டு, வெயில் படாமல் பையின் நடுவே வைத்துக்கொண்டு, இரவுப் பேருந்தில் சென்னைக்குக் கொண்டு போனோம். நம் நாட்டில் புற்றுநோய் வந்த வீட்டார் பலருக்கும் இந்தப் பயணம் தெரிந்திருக்கும்.

அந்தத் துணுக்குக்குள் இருக்கும் செய்தி எவ்வாறு காக்கப்படுகிறது என்பது தனிக்கதை. 1893இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஃபெர்டினாண்ட் புளூம் ஃபார்மலின் திசுவைக் கெட்டிப்படுத்திக் காக்கும் என்று எழுதினார். அன்று முதல் உலகின் மருத்துவமனைகள் கட்டிகளை ஃபார்மலினில் ஊறவைத்து மெழுகில் புதைத்து வருகின்றன. ஃபார்மலின் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. அதனாலேயே அவை அழுகாமல் நிற்கின்றன. அதே பிணைப்பு புரதங்களின் முகத்தை மறைத்தும்விடுகிறது. தேடிவரும் சோதனைப்பொருள் பற்றிக்கொள்ள இடம் கிடைப்பதில்லை. 1991இல் ஷி என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் சீவலை நீர்மத்தில் இட்டு மைக்ரோவேவ் அடுப்பில் சூடேற்றினால் மறைந்த முகம் மீண்டும் வெளிப்படும் என்று காட்டினார்கள். ஓலைச்சுவடிக்கு மை தடவினால் வெறும் கீறலாக இருந்தது எழுத்தாகத் தெரிவதை நாங்கள் சுவடிப் பயிற்சியில் கண்டிருக்கிறோம். எத்தனையோ ஆண்டுகளாக அலமாரிகளில் கிடந்த மெழுகுக் கட்டிகள் இந்த அடுப்பு உத்தியால் படிக்கக்கூடிய ஏடுகளாயின.

படிக்கும் கருவி எதிர்ப்பொருள். ஆங்கிலத்தில் ஆன்டிபாடி என்பர். ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் தன்மையுடையது. அதற்கு ஒரு நிறத்தைக் கட்டி அனுப்பினால், அந்தப் புரதம் எங்கே இருக்கிறதோ அங்கே நிறம் தோன்றும். 1941இல் ஹார்வர்டில் ஆல்பர்ட் கூன்ஸ் ஒளிரும் நிறத்தைக் கட்டி இதைத் தொடங்கிவைத்தார். இன்று பெரும்பாலும் பழுப்பு நிறம். அக்காவின் அறிக்கையில் இருந்த ‘கி-67’ என்ற பெயர் எங்களை வெகுநேரம் மயக்கியது. பிறகு தெரிந்தது: ‘கி’ என்பது ஜெர்மனியின் கீல் நகரத்தைக் குறிப்பது, 67 என்பது சோதனைத் தட்டில் அந்த எதிர்ப்பொருள் கிடைத்த குழியின் எண். 1983இல் யோஹான்னஸ் கெர்டெஸும் உடனிருந்தவர்களும் கண்டது. பெருகிக்கொண்டிருக்கும் உயிரணுவின் கருவில் மட்டும் அந்தப் புரதம் தென்படும். முப்பது விழுக்காடு என்றால், எண்ணிய கட்டி உயிரணுக்களில் நூற்றுக்கு முப்பது பெருகும் நிலையில் இருந்தன என்று பொருள்.

இந்தப் பழுப்பின் உண்மை, திசுவை எப்படிக் கையாண்டார்கள் என்பதைப் பொறுத்தது. வெட்டியெடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் இட வேண்டும். ஆறு மணி நேரத்துக்குக் குறையாமலும் எழுபத்திரண்டு மணி நேரத்துக்கு மிகாமலும் ஊற வேண்டும் என்று ஹெர்2 சோதனைக்கான அமெரிக்க மருத்துவ அமைப்புகளின் வழிகாட்டி சொல்கிறது. தாமதித்தால் புரதம் சிதையத் தொடங்கும்; உள்ளது இல்லாததாகத் தோன்றக்கூடும். ஏடு எழுதியவனின் பிழையையும் கரையான் செய்த பிழையையும் வேறுபடுத்தத் தெரியாதவன் பதிப்பாசிரியன் ஆக முடியாது. திசு படிப்பவருக்கும் அதே கடமை.

*

இனி ஹெர்2. உயிரணுவின் மேற்சவ்வில் நின்று, வளர்ச்சிக்கான சைகையை உள்ளே அனுப்பும் புரதம் அது. எல்லா மார்பக உயிரணுக்களிலும் ஓரளவு உண்டு. சில கட்டிகளில் அதற்கான மரபணு பல மடங்காகப் பெருகிவிடும். சவ்வில் சில பத்தாயிரமாக இருக்கவேண்டிய புரதம் இருபது இலட்சம் வரை ஏறும். 1987இல் லாஸ் ஏஞ்சலஸில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டென்னிஸ் ஸ்லேமனும் அவரோடு ஆய்ந்தவர்களும் 189 மார்பகக் கட்டிகளை ஆராய்ந்து, ஏறத்தாழ முப்பது விழுக்காட்டில் இந்த மரபணு பெருகியிருப்பதையும், அப்படிப்பட்டவர்களுக்கு நோய் விரைவில் திரும்புவதையும், ஆயுள் குறைவதையும் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். (இன்று இந்த விகிதம் பதினைந்து முதல் இருபது விழுக்காடு என்கிறார்கள்.) அந்நாளில் ஒரு பெண்ணுக்கு ‘ஹெர்2 பாசிட்டிவ்’ என்று சொல்வது மிகக் கெட்ட செய்தி.

அந்தப் புரதத்தையே பற்றிச் செயலிழக்கச் செய்யும் எதிர்ப்பொருளை மருந்தாக்கினார்கள். டிராஸ்டுசுமாப், வணிகப் பெயர் ஹெர்செப்டின். 1998 செப்டம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. யாருக்குக் கொடுப்பது என்று காட்டும் திசுச் சோதனைக்கும் அதனுடனேயே அனுமதி தந்தார்கள். அறுவைக்குப் பின் இம்மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் நோய் திரும்புவது ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்று 2005இல் பெரிய ஆய்வுகள் காட்டின. 2014இல் இந்தியாவில் இதன் உயிர்ஒத்த மருந்து விலை குறைவாக வெளிவந்தது. 2015இல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இதைச் சேர்த்தது.

இப்போது ‘இரண்டு பிளஸ்’ என்பதன் பொருள் எங்களுக்கு விளங்கியது. கட்டி உயிரணுக்களில் பத்து விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றில் சவ்வு முழுவதும் அடர்ந்த பழுப்பு வளையமாகத் தெரிந்தால் மூன்று பிளஸ், மருந்து உண்டு. பூச்சியமும் ஒன்றும் அந்நாளில் ‘இல்லை’ என்றே கொள்ளப்பட்டன. இரண்டு என்பது நிறம் இருந்தும் துணிந்து சொல்ல இயலாத நிலை. அப்போது புரதத்தை விட்டு மரபணுவுக்குப் போய், ஒளிரும் புள்ளிகளாக அது எத்தனை படிகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்கிறார்கள், அதுதான் ஃபிஷ். அக்காவின் கட்டியில் ஈ.ஆர்., பி.ஆர். இரண்டும் இல்லை. ஆகவே ஹெர்2வும் இல்லையென்றால் குறிபார்த்துக் கொடுக்கும் மருந்துகளுக்கு வழி மிகக் குறைவு. 1987இல் எது வரக்கூடாது என்று வேண்டியிருப்பார்களோ அது வரவேண்டும் என்று 2019இல் நாங்கள் வேண்டிக்கொண்டிருந்தோம். கட்டியும் அதன் சீற்றமும் மாறவில்லை. அந்த ஒரு சொல்லைச் சுற்றியிருந்த உலகம் மாறியிருந்தது.

*

ஹெர்2 ஒரு புரதம். இப்படி ஒவ்வொன்றாகத் தேடாமல் எல்லாப் புரதங்களையும் எல்லாத் திசுக்களிலும் பார்த்து ஒரு நிலப்படத் தொகுதியே செய்துவிட்டால் என்ன? இந்தத் துணிவோடு 2003இல் சுவீடனில் மாத்தியாஸ் ஊலேன் தலைமையில் மனிதப் புரத நிலப்படத் திட்டம் தொடங்கியது. ஸ்டாக்ஹோமின் அரச தொழில்நுட்பக் கழகமும் உப்சாலா பல்கலைக்கழகமும் அதன் இரு தூண்கள். வாலன்பெரி அறக்கட்டளை பணம் தந்தது. ஒவ்வொரு மரபணுவுக்கும் உரிய புரதத்தின் ஒரு துண்டைச் செய்து, முயல்களில் அதற்கு எதிர்ப்பொருள் உண்டாக்கி, அதைக் கொண்டு இயல்பான திசுக்களிலும் இருபது வகைப் புற்றுநோய்களிலும் நிறமேற்றிப் படமெடுப்பது திட்டம்.

இவ்வளவு திசுவுக்கு எங்கே போவது? 1998இல் ஒல்லி காலியோனியெமியின் குழு வெளியிட்ட ஒரு முறை உதவியது. பழைய மெழுகுக் கட்டிகளிலிருந்து 0.6 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஊசி கொண்டு சிறு உருளைகளைத் தோண்டியெடுத்து, வேறொரு வெற்று மெழுகுக் கட்டியில் நாற்று நடுவதுபோல் வரிசையாக நடுவது. ஆயிரம் பேருடைய கட்டிகள் ஒரே கட்டியில் அடங்கும். ஒரு சீவலில் அத்தனையும் தெரியும். அப்படி எடுத்த படங்களைக் கண்ணால் பார்த்துத் தரம் குறிக்கும் வேலையில் மும்பையைச் சேர்ந்த நோய்க்குறியியல் மருத்துவர் குழு ஒன்றுக்குப் பெரும் பங்கு உண்டு. சுவீடனின் திசுவை இந்தியக் கண்கள் படித்தன.

2015இல் இயல்பான திசுக்களின் வரைபடத்தையும், 2017இல் 17 வகைப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 8,000 நோயாளிகளின் தரவைக் கொண்ட நோய் வரைபடத்தையும் சயன்ஸ் இதழில் வெளியிட்டார்கள். பின்னது ஆர்.என்.ஏ. அளவையும் நோயாளிகளின் ஆயுளையும் ஒப்பிட்டு, புரதப் படங்களைத் துணைக்கு வைத்தது. எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். நாங்கள் அதில் ஹெர்2வைத் தேடிப் பார்த்தோம். வேறு யாரோ ஒரு பெண்ணின் கட்டியில், தேன்கூட்டின் அறைச்சுவர்களைப் போலப் பழுப்புக் கோடுகள். அறிக்கையின் எண்ணுக்குப் பின்னால் இருப்பது இதுதானா என்று பேசாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எங்களை மிகவும் கவர்ந்தது இத்தொகுதியின் ஓர் அடக்கம். ஒவ்வொரு எதிர்ப்பொருளின் முடிவுக்கும் எதிரே, எவ்வளவு நம்பலாம் என்று ஒரு தரம் குறித்திருக்கிறார்கள். ‘ஐயத்துக்குரியது’ என்பதும் ஒரு தரம். எதிர்ப்பொருள் தவறான புரதத்தைப் பற்றிக்கொள்வது இத்துறையின் நீங்காத தொல்லை. பாடபேதங்களை அடிக்குறிப்பில் தராமல் ஒரே பாடத்தை உறுதியாக அச்சிட்ட பதிப்புகளால் தமிழ் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

*

தொல்காப்பியத்தின் அகத்திணையியலில் திணை மயக்கத்துக்கு இடம் தரப்படுகிறது. ஒரு நிலத்தின் பூவோ புள்ளோ வேறு நிலத்தில் வந்து தோன்றினால், வந்த நிலத்தின் பொருளாகவே அதைக் கொள்ள வேண்டும் என்பது அங்கே சொல்லப்படும் கருத்து. குறிஞ்சியின் பூ நெய்தலில் வந்தால் அது பிழையில்லை. ஆனால் அதன் வேலை மாறிவிடும்.

பீட்டா-கேட்டினின் என்ற புரதத்தைப் பற்றிப் படித்தபோது இந்த நூற்பாதான் நினைவுக்கு வந்தது. இயல்பான பெருங்குடலில் அது உயிரணுவின் ஓரத்தில் நின்று, பக்கத்து உயிரணுவோடு பிணைத்து வைக்கும் வேலையைச் செய்கிறது. ஏ.பி.சி. என்ற மரபணு பழுதுபட்ட கட்டிகளில் அது அழிக்கப்படாமல் தேங்கி, உயிரணுவின் கருவுக்குள் புகுந்து, பெருகுக என்று மரபணுக்களை ஏவுகிறது. பெயரும் உருவும் அதேதான். ஓரத்தில் நின்றால் சுவர், கருவில் நின்றால் கிளர்ச்சி. எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் அளந்த கருவி இந்தக் கதையைச் சொல்லாது. எங்கே இருக்கிறது என்று கேட்டாக வேண்டும்.

இடம் பற்றிய அறிவு பிழையைப் பிடிக்கவும் உதவும். 2014இல் மனிதப் புரதங்களின் முதல் வரைவுப் படங்கள் இரண்டு நேச்சரின் ஒரே இதழில் வந்தன. ஒன்று ஜெர்மனியின் மியூனிக்கிலிருந்து. மற்றது ஜான்ஸ் ஹாப்கின்ஸின் அகிலேஷ் பாண்டேயும் பெங்களூரின் உயிர்த்தகவலியல் நிறுவனமும் சேர்ந்து செய்தது. பின்னது 17,294 மரபணுக்களின் புரதங்களைக் கண்டதாகச் சொன்னது. ஒரு நாட்டின் ஆய்வுச் சூழலுக்குப் பெருமை தரும் வேலை. ஆயினும் அவ்வாண்டிலேயே ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் ஒரு கேள்வி எழுப்பினார்கள். மூக்கில் மணம் உணரும் புரதங்கள் இரு படங்களிலும் கணிசமாக இருக்கின்றன. இரு குழுவும் மூக்கின் திசுவை ஆராயவே இல்லையே! கருவி தந்த சில அடையாளங்கள் தவறாயிருக்க வேண்டும் என்று அவர்கள் வாதிட்டார்கள். பாலையில் ஆம்பல் பூத்ததாக ஒரு பாடம் கிடைத்தால், கவிஞனின் புதுமை என்று கொண்டாடுவதற்கு முன் ஏட்டை மறுபடி பார்க்க வேண்டும்.

*

இரண்டு வாரங்கள் கழித்து முடிவு வந்தது: மரபணு பெருகியிருக்கிறது, ஹெர்2 பாசிட்டிவ். மருத்துவர் முகம் மலர்ந்து சொன்னார். அக்கா எங்களைப் பார்த்து, “பாசிட்டிவ்னு சொல்றாங்க, எல்லாரும் சிரிக்கிறீங்க” என்றார். கீமோதெரபியோடு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை என ஓராண்டு டிராஸ்டுசுமாப் ஏற்றினார்கள், உயிர்ஒத்த மருந்துதான். இடையிடையே இதயத்துக்கு எக்கோ பார்த்துக்கொண்டார்கள். அக்கா இன்று நலமாயிருக்கிறார்.

அவருடைய மகள், எங்கள் மருமகள், சென்ற ஆண்டு ஒரு விளம்பரத்தைக் கொண்டுவந்து காட்டினாள். ஒரு சொட்டு இரத்தத்தில் பல புற்றுநோய்களை முன்கூட்டியே கண்டுபிடிப்பதாக ஒரு பரிசோதனைக் கூடம் சொல்லியிருந்தது. “அம்மாவுக்குக் கட்டி வந்த பிறகுதானே தெரிந்தது, மாமா. எனக்கு வருவதற்கு முன்பே தெரிந்தால் நல்லதில்லையா?” அந்தக் கேள்வியில் இருந்த அச்சம் நியாயமானது. அவளுக்கு விடையாக நாங்கள் ஒரு பழைய கதையைச் சொன்னோம்.

2002 பிப்ரவரியில் லான்செட் இதழில் பெட்ரிகோயின், லியோட்டா ஆகியோரின் குழு ஒரு கட்டுரை வெளியிட்டது. இரத்தத்தின் புரதங்களை நிறைமாலைமானியில் இட்டு, கிடைக்கும் கோட்டுருவைக் கணினியால் ஆராய்ந்தால் சினைப்பைப் புற்றுநோயைக் கண்டுவிடலாம் என்றது. நோயுள்ள 50 பேரில் 50 பேரையும் சரியாகச் சொன்னது. நோயில்லாத 66 பேரில் 63 பேரைச் சரியாகச் சொன்னது. உலகமே வியந்தது. தரவு பொதுவில் வைக்கப்பட்டிருந்ததால், டெக்சாஸின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தின் புள்ளியியலாளர்கள் கீத் பேகர்லியும் உடனிருந்தவர்களும் அதை எடுத்து மீண்டும் கணக்கிட்டார்கள். ஒரு தொகுப்பில் கண்ட வேறுபாடு மற்றொரு தொகுப்பில் நிற்கவில்லை. கருவியின் அளவுத்திருத்தமும் மாதிரிகளைக் கையாண்ட முறையுமே அந்த வேறுபாட்டை உண்டாக்கியிருக்கக்கூடும் என்று 2004இல் எழுதினார்கள். கணினி கண்டது நோயையா, ஆய்வகத்தின் வழக்கத்தையா என்பது கேள்வி. வணிகச் சோதனையாக வர இருந்ததை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு தடுத்துக் கேட்டது. அது சந்தைக்கு வரவில்லை.

கருவியில் பிழையே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் ஒரு கணக்கு மிஞ்சுகிறது. மாதவிடாய் நின்ற பெண்களில் ஏறத்தாழ 2,500 பேருக்கு ஒருவரிடம் இந்நோய் மறைந்திருக்கும் என்பர். நோயில்லாத நூறு பேரில் ஐவரை மட்டுமே தவறாகச் சொல்லும் சோதனையை அந்த 2,500 பேருக்கும் செய்தால், உண்மையான ஒருவரோடு 125 பேர் பொய்யாக அகப்படுவார்கள். சினைப்பையில் நோய் உண்டா என்று உறுதிசெய்ய வயிற்றை அறுக்க வேண்டியிருக்கும். நோயாளிகளையும் மற்றவர்களையும் ஏறக்குறையச் சம எண்ணிக்கையில் அடுக்கிய ஆய்வில் இந்தக் கணக்கு கண்ணுக்குத் தெரியாது. ஊரில் இறங்கினால் தெரியும். இரத்தத்தில் சி.ஏ.125 என்ற புரதத்தை ஆண்டுதோறும் பார்த்துவந்த பிரிட்டனின் மாபெரும் ஆய்வில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்றார்கள். சில புற்றுநோய்களை முன்னதாகவே கண்டது; ஆனால் இந்நோயால் இறப்போர் எண்ணிக்கை குறையவில்லை என்று 2021இல் அறிவித்தார்கள். முன்னதாக அறிவது வேறு, அதனால் பிழைப்பது வேறு.

மருமகள் குறுக்கிட்டாள். “அப்படியானால் அம்மாவைக் காப்பாற்றியதும் புரதச் சோதனைதானே?” ஆம், ஆனால் அது வேறு கேள்விக்கான சோதனை. அக்காவிடம் நோய் இருப்பது தெரிந்த பிறகு, எந்த மருந்து இவருக்கு உதவும் என்று கேட்டது. திசு கையில் இருந்தது, இடம் தெரிந்திருந்தது, ஐயம் வந்தபோது ‘இரண்டு பிளஸ்’ என்று ஐயமாகவே எழுதவும், இன்னொரு முறையால் சரிபார்க்கவும் வழி இருந்தது. விளம்பரத்தில் இவை எதுவும் இல்லை. அவள் அந்தச் சோதனையைச் செய்துகொள்ளவில்லை. அம்மாவின் மருத்துவரிடமே சென்று, குடும்ப வரலாற்றைச் சொல்லி, எந்த வயதிலிருந்து எந்தப் பரிசோதனை வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டாள்.

இப்போதும் குறிகள் மாறிக்கொண்டுதான் இருக்கின்றன. முன்பு ‘இல்லை’ என்று ஒதுக்கிய ‘ஒரு பிளஸ்’ கட்டிகளையும், ஃபிஷ் சோதனையில் தேறாத ‘இரண்டு பிளஸ்’ கட்டிகளையும் ‘ஹெர்2 குறைவு’ என்று தனி வகையாக்கி, நோய் பரவிய நிலையில் அவற்றுக்கும் ஒரு மருந்தை 2022இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். பழைய அறிக்கைகளில் பூச்சியம் என்றும் ஒன்று என்றும் எழுதியதைத் தேடி எடுத்து, அதே மெழுகுச் சீவல்களை மீண்டும் பார்க்கிறார்கள். ஆதலால் இதைப் படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் யாருக்கேனும் கட்டி எடுத்தால், அறிக்கையை மட்டும் வாங்கிவைத்து நிறுத்திக்கொள்ளாதீர்கள். பிளாக் எங்கே இருக்கிறது, எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உரை மாறும், மூலம் கையில் இருந்தால் மறுபடி படிக்கலாம்.